எந்த நிற ஒளியில் இலை அதிக ஆக்சிஜன் தரும்? அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிவப்பும் நீலமும் ஒளிச்சேர்க்கைக்கு நல்லவை, பச்சை பயன்படாது, அதனால்தான் இலை பச்சையாகத் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் இப்படித்தான் படித்திருப்போம். முதல் பாதி சரி. பச்சையைப் பற்றிய பாதி, எந்தச் செடியைச் சோதிக்கிறோம், ஒளியை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். ஒரே மேசையில் பாலக் கீரையையும் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியையும் வைத்து மூன்று நிற எல்.இ.டி. விளக்குகளைக் காட்டுங்கள். பச்சை ஒளிக்கு அவை இரண்டும் ஒரே பதிலைச் சொல்லாது. அந்த வித்தியாசத்தை நம்பும்படி அளப்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் செய்பவர்களுக்கும், மீன் தொட்டிச் செடிக்கோ வீட்டுக்குள் வளர்க்கும் கீரைக்கோ விளக்கு வாங்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

செலவு பெரிதாக இல்லை. ஆனால் அவசரப்பட்டு விளக்கைப் போட்டுக் குமிழியை எண்ண ஆரம்பித்தால் தவறான விடைதான் கிடைக்கும். அதனால் முதலில் கொஞ்சம் அடிப்படை.

ஆக்சிஜன் வெளியே வருவது எப்படி

நீருக்குள் மூழ்கிய இலைகள் வெயிலில் குமிழி விடுவதையும், இருட்டில் விடாததையும் யான் இங்கன்ஹவுஸ் 1779இல் எழுதி வைத்தார். அந்த ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறதா, தண்ணீரிலிருந்து வருகிறதா என்ற கேள்விக்கு விடை கிடைக்க அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1941இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் கூட்டாளிகளும் கனமான ஆக்சிஜன்-18 அணு கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்தார்கள். வெளிவந்த வாயுவில் அதே கனமான அணு இருந்தது. ஆக, நாம் அளக்கப்போவது உடைந்த தண்ணீரை.

தண்ணீரை உடைக்கும் இடம் இரண்டாம் ஒளி அமைப்பு. ஒளியைப் பிடித்து எலக்ட்ரானைத் தூக்கிவிடும் புரதத் தொகுதி அது. அங்கே நான்கு மாங்கனீசு அணு, ஒரு கால்சியம் அணு, ஐந்து ஆக்சிஜன் அணு சேர்ந்த ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. ஜப்பானில் ஷென், காமியா குழுவினர் 2011இல் அதன் வடிவத்தை அணு அணுவாகக் காட்டினார்கள். ஒளித்துகள் ஒன்று வந்து விழும்போது ஒரு எலக்ட்ரான் போகும். இப்படி நான்கு முறை நடந்தால்தான் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் உடைந்து ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளியேறும். பியர் ஜோலியோ 1969இல் இதை அழகாகக் காட்டினார். இருட்டில் வைத்திருந்த பசுங்கணிகத்துக்கு (செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பு) மிகக் குறுகிய ஒளி வெட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தபோது மூன்றாவது வெட்டில் ஆக்சிஜன் எகிறியது. பிறகு நான்கு வெட்டுக்கு ஒரு முறை உச்சம் வந்தது. முதல் உச்சம் நான்காவதில் வராமல் மூன்றாவதிலேயே வந்ததற்குக் காரணம், இருட்டில் இருக்கும் கொத்து ஏற்கெனவே ஒரு படி ஏறி நிற்பதுதான். அடுத்த ஆண்டே பெசல் காக் இதற்குக் கணக்கு எழுதினார்.

அந்த நான்கு எலக்ட்ரான்களும் முதலாம் ஒளி அமைப்பில் இன்னொரு முறை தூக்கிவிடப்பட வேண்டும். அதற்கு மேலும் நான்கு ஒளித்துகள் செலவாகும். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது எட்டு ஒளித்துகள். உண்மையான இலையில் இழப்புகள் உண்டு என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும்.

இந்த 'எட்டு' என்பது எண்ணிக்கை, ஆற்றல் அல்ல. 450 நானோமீட்டர் நீல ஒளியில் ஒரு மோல் துகள்களின் ஆற்றல் சுமார் 266 கிலோஜூல். 680 நானோமீட்டர் சிவப்பில் அது 176 மட்டும்தான். ஆனாலும் நீலத் துகள் ஒன்று சிவப்புத் துகள் ஒன்றைவிட அதிக வேலை செய்யாது. சில்லறை தராத கடையில் நூறு ரூபாய்ப் பொருளுக்கு இருநூறு ரூபாய்த் தாளை நீட்டுவது போலத்தான். நீலத்தை வாங்கிய பச்சையம் மிகுதி ஆற்றலை ஒரு பிக்கோவினாடிக்குள் வெப்பமாக உதறிவிட்டுச் சிவப்பின் நிலைக்கே இறங்கிவிடும். அதனால் சோதனையில் வாட்டைச் சமப்படுத்தக் கூடாது. ஒளித்துகளின் எண்ணிக்கையைச் சமப்படுத்த வேண்டும். மொத்த வேலையிலும் சிரமமான பகுதி இதுதான்.

படி 1: விளக்கைத் தேர்ந்தெடுப்பது

கலர் கண்ணாடிப் பேப்பரைக் குண்டு பல்பில் சுற்றும் பழைய முறையை விட்டுவிடுங்கள். அந்தப் பேப்பர்கள் பல நிறத்தையும் கசிய விடும். அகச்சிவப்பைக் கிட்டத்தட்ட அப்படியே விடும். வெப்பத்தாலும் குமிழி வரும் என்பதால் சோதனை கெட்டுப்போகும்.

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஆர்.ஜி.பி. எல்.இ.டி. பட்டை போதும். நீலம் 465, பச்சை 525, சிவப்பு 625 நானோமீட்டர் வாக்கில் இருக்கும். செடி வளர்ப்புக்கென்று விற்கும் 660 நானோமீட்டர் ஆழ்சிவப்பும் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதைப் பார்த்து அது சரியில்லை என்று எண்ண வேண்டாம். பச்சையத்துக்கு 625ஐவிட 660 பிடித்தமானது. கடைசிச் சோதனையையும் செய்ய விரும்பினால் 730 நானோமீட்டர் எல்.இ.டி. ஒன்றும் வேண்டும். அது எரிகிறதா என்றே கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி.யின் மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள். ஒப்பிட வைத்துக்கொள்ளலாம், தனி நிறமாக எண்ணக் கூடாது.

படி 2: ஒளியைச் சமப்படுத்துவது

கைப்பேசியில் இருக்கும் லக்ஸ் மீட்டர் செயலியைத் தொடாதீர்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்காக உருவான அளவு. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் மிகப் பிரகாசம். நீலமும் ஆழ்சிவப்பும் அதே வாட்டில் மங்கலாகவே தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். 450 நீலத்தையும் 530 பச்சையையும் ஒரே லக்ஸுக்குக் கொண்டுவந்தால், நீலத்தில் ஒளித்துகள் சுமார் 19 மடங்கு அதிகம் இருக்கும். 660 சிவப்பில் சுமார் 18 மடங்கு. பச்சையை இப்படிப் பட்டினி போட்டுவிட்டு, பச்சையில் ஆக்சிஜன் வரவில்லை என்று எழுதி வைத்த கண்காட்சி அட்டைகள் எத்தனை இருக்குமோ!

சரி, வேறு எதை வைத்து அளப்பது? ஒளித்துகளை எண்ணும் குவாண்டம் சென்சார் விலை அதிகம். பழுதான தோட்ட விளக்கிலிருந்து எடுத்த சின்ன சிலிக்கான் சோலார் செல்லும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் வேலை நடக்கும். செல்லின் இரண்டு கம்பிகளையும் மல்டிமீட்டரின் மில்லியாம்பியர் முனைகளில் நேராக இணையுங்கள். அந்தக் குறுக்குச் சுற்று மின்னோட்டம், செல்லில் விழும் ஒளித்துகளின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு துகளுக்கு ஏறக்குறைய ஒரு எலக்ட்ரான் என்பதே அதன் வேலைமுறை. நீலத்தைச் செல் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். கால்குலேட்டரில் இருக்கும் பழுப்பு நிறச் செல் வேறு வகை, அது இதற்கு ஆகாது.

இலை இருக்கப்போகும் இடத்திலேயே செல்லை வைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் விளக்கை ஏற்றி இறக்கியோ மங்கவைத்தோ மின்னோட்டத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். விளக்கின் உயரத்தைக் குறித்து வையுங்கள்.

இன்னொரு சோதனையையும் இப்போதே முடித்துவிட வேண்டும். ஒளி மிக அதிகமாக இருந்தால் இலை நிறைவடைந்துவிடும், அப்புறம் எந்த நிறமும் ஒரே விடைதான் தரும். மின்னோட்டம் பாதியாகும்படி விளக்கைத் தள்ளி வைத்து, ஆக்சிஜன் வேகமும் ஏறக்குறைய பாதியாகிறதா என்று பாருங்கள். பாதியானால் நீங்கள் சரியான எல்லையில் இருக்கிறீர்கள். குறையவே இல்லையென்றால் வெளிச்சம் கூடுதல், இன்னும் மங்கவையுங்கள்.

படி 3: பாலக் கீரை வில்லைகள்

இந்த முறைதான் எனக்குப் பிடித்தது. எண்ணுவது எளிது, ஏமாற்றுவது குறைவு.

கால் லிட்டர் தண்ணீரில் அரை கிராம் சமையல் சோடாவைக் கரையுங்கள். சின்ன ஸ்பூனில் நுனி அளவு போதும். கார்பன் டை ஆக்சைடு இதிலிருந்து வரும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, நுரை வராமல் கலக்குங்கள். இலையின் மெழுகுப் பூச்சில் தண்ணீர் ஒட்ட இது தேவை.

அன்று வாங்கிய பாலக் கீரையைச் சற்று நேரம் வெளிச்சத்தில் வைத்துவிட்டு, காகிதத்தில் துளை போடும் பஞ்சிங் கருவியால் வில்லைகள் எடுங்கள். பெரிய நரம்பைத் தவிர்க்கவும். ஒரு நிறத்துக்குப் பத்து வில்லை. எல்லா நிறத்துக்கும் ஒரே இலையிலிருந்து, அல்லது ஒரே வயதுள்ள இலைகளிலிருந்து கலந்து எடுப்பது நல்லது.

ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சுக்குள் வில்லைகளைப் போட்டுச் சோடாக் கரைசலை உறிஞ்சுங்கள். காற்றை வெளியேற்றிவிட்டு, முனையை விரலால் அடைத்து, தண்டைப் பின்னால் இழுத்துப் பத்து வினாடி பிடியுங்கள். இலைக்குள் இருக்கும் காற்று வெளியேறுவது தெரியும். விரலை எடுத்ததும் அந்த இடத்தில் கரைசல் புகும். இரண்டு மூன்று முறை செய்தால் வில்லைகள் எல்லாம் மூழ்கிவிடும். பலமாக இழுத்தால் செல்கள் சிதையும், பிறகு அவை மிதக்கவே மிதக்காது.

மூழ்கிய வில்லைகளை மூன்று சென்டிமீட்டர் கரைசல் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, கறுப்புத் தாளின் மேல் வையுங்கள். வெள்ளைத் தாள் வேண்டாம். இலையைத் தாண்டிப் போன பச்சை ஒளி அதில் பட்டுத் திரும்பி வந்து இன்னொரு வாய்ப்பு பெறும். அறை விளக்குகளை அணைத்துவிட்டு வண்ண விளக்கைப் போடுங்கள். இலைக்குள் உண்டாகும் ஆக்சிஜன் இடுக்குகளில் நிறைய நிறைய, வில்லைகள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஒவ்வொரு நிமிடமும் கிண்ணத்தை லேசாகச் சுழற்றிவிட்டு மிதப்பவற்றை எண்ணுங்கள். ஐந்து வில்லை மிதக்க எத்தனை நிமிடம் ஆனது என்பதே உங்கள் அளவு. ஒன்றை அந்த நிமிடத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும்.

இருட்டில் ஒரு கிண்ணமும், சோடா இல்லாத தண்ணீரில் ஒரு கிண்ணமும் கட்டாயம். இரண்டிலும் வில்லைகள் கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். மிதந்த வில்லைகளைப் பிறகு இருட்டில் வைத்தால் மெல்ல மெல்ல மறுபடி மூழ்கும். உள்ளே இருந்த ஆக்சிஜனை இலையே சுவாசித்துத் தீர்ப்பதுதான் காரணம். நாம் அளப்பது எப்போதும் உற்பத்தியில் சுவாசம் போக மிச்சம் என்பதை இது காட்டிவிடும். மிக மங்கலான ஒளியில் எந்த நிறத்திலும் வில்லை மிதக்காததும் இதனால்தான்.

படி 4: ஹைட்ரில்லா குமிழிகள்

பாடப்புத்தகத்தில் வரும் சோதனைக்குழாய்–புனல் ஆய்வுதான், இரண்டு மாற்றங்களோடு. குளத்திலோ மீன் தொட்டிக் கடையிலோ கிடைக்கும் ஹைட்ரில்லாவில் கட்டுக் கட்டாக வைக்காமல், விரல் நீளத் துண்டு ஒன்றை மட்டும் எடுங்கள். கட்டாக வைத்தால் முதல் இலை ஊடே விட்ட ஒளியை அடுத்த இலை பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, விளக்கை மாற்றியதும் எண்ணத் தொடங்காமல் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

தண்டைச் சாய்வாக வெட்டி, வெட்டுமுனை மேலே இருக்கும்படி சோடாக் கரைசலில் வைத்தால் அங்கிருந்து குமிழி வரிசையாக வரும். குமிழிகள் ஒரே அளவில் இருக்காது, முழுக்க ஆக்சிஜனும் அல்ல. அதனால் ஒவ்வொரு நிறத்தையும் திரும்பத் திரும்பச் சுழற்சியாகப் பார்த்துச் சராசரி எடுங்கள். சிவப்பில் தொடங்கினால் கடைசியில் மீண்டும் சிவப்புக்கே வந்து பாருங்கள். முதல் எண்ணிக்கை திரும்பி வரவில்லையென்றால் செடி களைத்திருக்கிறது, அல்லது தண்ணீர் சூடாகியிருக்கிறது. தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே இருக்கட்டும்.

விடைகளைப் படிப்பது

பாலக் வில்லையின் வேகத்தையும் ஹைட்ரில்லாவின் குமிழியையும் நேராக ஒப்பிட முடியாது. ஒவ்வொரு செடியிலும் சிவப்பை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற நிறங்களை அதன் சதவீதமாக எழுதுங்கள்.

ஹைட்ரில்லாவில் பச்சை தெளிவாகப் பின்தங்கும். அந்த இலையின் தடிமன் வெறும் இரண்டு செல் அடுக்கு. பச்சை ஒளி பெரும்பாலும் ஊடுருவி அந்தப் பக்கம் போய்விடும். 1882இல் யூட்ரெக்டில் தியோடோர் எங்கெல்மன் பார்த்ததும் இதையேதான். கிளாடோஃபோரா என்ற இழைப் பாசியின் மேல் முப்பட்டகத்தால் பிரித்த நிறமாலையை விழவைத்து, ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களைச் சுற்றிலும் விட்டார். அவை சிவப்பிலும் நீலத்திலும் மொய்த்தன, பச்சையில் அதிகம் இல்லை. எந்த மீட்டரும் இல்லாமல் உயிரையே கருவியாக்கிய அந்தச் சோதனையை மிஞ்ச இன்னொன்று கிடையாது என்பது என் எண்ணம். ஆனால் அவர் பார்த்தது ஒரே செல் தடிமனுள்ள இழை. பாடப்புத்தகங்கள் அந்த முடிவைத் தேக்கு இலைக்கும் வாழை இலைக்கும் அப்படியே நீட்டிவிட்டன.

பாலக் கீரையில் பச்சையின் வீழ்ச்சி அவ்வளவு ஆழமாக இருக்காது. தடித்த இலைக்குள் ஒளி செல்லுக்குச் செல் மோதித் திரும்பித் திரும்பி அலைகிறது. ஒரு முறை கடக்கையில் பச்சையம் பச்சைத் துகளைப் பிடிக்கும் வாய்ப்பு குறைவு என்றாலும், பல முறை கடக்கும்போது பெரும்பகுதி பிடிபட்டுவிடும். கீத் மக்ரீ 1972இல் வெளியிட்ட ஆய்வில் 22 பயிர் வகைகளின் இலைகளை அலைநீளம் அலைநீளமாகச் சோதித்தார். அவர் அளந்தது ஆக்சிஜனை அல்ல, உறிஞ்சப்பட்ட கார்பன் டை ஆக்சைடை. பச்சைக்குச் சிவப்பின் பலனில் பாதிக்கு மேலேயே கிடைத்தது. செடி விளக்கு விற்பவர்கள் இன்று சொல்லும் 400–700 நானோமீட்டர் எல்லை நிலைபெற்றதில் அவருடைய அளவுகளுக்குப் பெரிய பங்குண்டு.

இன்னும் ஒரு படி மேலே போனது டெராஷிமா குழுவின் 2009ஆம் ஆண்டு ஆய்வு. பலமான வெள்ளை ஒளியில் ஏற்கெனவே இருக்கும் சூரியகாந்தி இலைக்குக் கூடுதலாகச் சிவப்பைக் கொடுப்பதைவிடப் பச்சையைக் கொடுப்பது அதிகப் பலன் தந்தது. மேலடுக்குச் செல்கள் சிவப்பை உடனே விழுங்கிவிடும், ஆனால் அவை ஏற்கெனவே நிறைவடைந்தவை. பச்சைதான் இலையின் அடிப்பகுதியில் காத்திருக்கும் செல்கள் வரை போகிறது. உச்சி வெயிலில் நிற்கும் செடிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நீலத்தின் விடை சிலரைக் குழப்பும். இலை நீலத்தை மிக நன்றாகவே உறிஞ்சும், ஆனாலும் பாலக்கில் அது சிவப்பை எட்டாமல் நிற்கலாம். உறிஞ்சுவதில் ஒரு பங்கு கரோட்டினாய்டுகள் எனும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளுக்குப் போகிறது. அவை தாம் பெற்றதை முழுவதும் பச்சையத்துக்குக் கடத்துவதில்லை. ஹைட்ரில்லாவிலோ நீலம் சிவப்பை எட்டிப்பிடிக்கவோ தாண்டவோகூடச் செய்யலாம். 625 நானோமீட்டர் சிவப்பு பச்சையத்தின் உச்சத்திலிருந்து தள்ளி இருப்பதால், மெல்லிய இலையில் அதுவும் கொஞ்சம் கசிகிறது. 660 விளக்கு இருந்தால் மாற்றிப் பாருங்கள், வரிசை மாறும். முழுச் செடியில் நீலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: இலைத்துளைகளைத் திறக்கும். வில்லைச் சோதனையில் கரைசல் உள்ளேயே இருப்பதால் அது தெரியாது.

படி 5: இரண்டு சிவப்புகளின் கூட்டு

இது விருப்பம் உள்ளவர்களுக்கு. ராபர்ட் எமர்சனும் சார்ல்டன் லூயிஸும் 1943இல் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். 680 நானோமீட்டரைத் தாண்டினால், பச்சையம் ஒளியை இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே ஆக்சிஜன் உற்பத்தி சரிந்தது. இதைச் சிவப்பு வீழ்ச்சி என்கிறார்கள். 1957இல் எமர்சன் அந்த நீண்ட அலைநீளத்தோடு குறுகிய அலைநீளம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டும் தனித்தனியே தந்ததன் கூட்டலைவிட அதிக ஆக்சிஜன் வந்தது. ஒளி அமைப்பு ஒன்றல்ல, இரண்டு என்ற முடிவுக்கு அது வழிவிட்டது. 1960இல் ராபர்ட் ஹில்லும் ஃபே பெண்டலும் இரண்டையும் வரிசையாகக் கோத்து, இன்று 'இசட் திட்டம்' எனப்படும் படத்தின் மூல வடிவத்தைத் தந்தார்கள். நீண்ட சிவப்பு பெரும்பாலும் முதலாம் அமைப்பைத்தான் ஓட்டும். தண்ணீரை உடைக்கும் இரண்டாம் அமைப்புக்கு அது போதாது. இரண்டுக்கும் தீனி கிடைத்தால்தான் ஓட்டம் சீராகும்.

பாலக் வில்லைகளில் மூன்று கிண்ணம் வையுங்கள்: மங்கலான சிவப்பு மட்டும், 730 மட்டும், இரண்டும் சேர்ந்து. 730இல் மட்டும் வைத்தவை மிதப்பது அரிது. சேர்த்து வைத்தவை சிவப்பு மட்டும் பெற்றவற்றை முந்த வேண்டும். வித்தியாசம் சிறியதாகவே இருக்கும், அதனால் ஒரு நிறத்துக்குப் பத்து வில்லை போதாது, முப்பதாவது வைத்து எண்ணுங்கள். சிவப்பைக் கூட்டிவிட்டால் இந்த விளைவு மறைந்துவிடும்.

விளக்கு வாங்குபவர்களுக்கு ஒரு வரி. கடைகளில் தெரியும் ஊதா நிறச் செடி விளக்குகள் சிவப்பில் சாய்ந்திருப்பதற்கு முக்கியக் காரணம் மின்கட்டணம். சிவப்புத் துகளின் ஆற்றல் குறைவு என்பதால் அதே வாட்டில் அதிகத் துகள் கிடைக்கிறது. பெட்டியில் லூமென் (லக்ஸைப் போலவே கண்ணுக்கான அளவு) மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வாட்டுக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லத் தெரியாத கடையில் சாதாரண வெள்ளை எல்.இ.டி.யை வாங்கிக்கொண்டு வந்தாலும் கீரை வளரும்.